கப்பலில் வரவேண்டிய பெயர்

அலிகூதர்ஸ்,
சனிக்கிழமை, பனி பெய்கிறது.

கடவுளின் பெயரால்.

கடல்மேல் இருக்கும் தம்பி குதாதாதுக்கு, அக்கா எழுதுவது. நாங்கள் மூச்சும் பேச்சுமாக இருக்கிறோம். நீயும் கால் வழுக்காமல், காய்ச்சல் காணாமல் கரை சேர வேண்டும்.

முதலில் நல்லது. உன் மனைவி ஷஹ்லாவுக்குப் போன வாரம் இங்கே, நம் வீட்டிலேயே, பிரசவம் ஆயிற்று. தாயும் பிள்ளையும் சுகம். பெண் குழந்தை. தலை நிறைய முடி, உன்னைப் போல அகலக் காது. பசித்தால் அதன் குரல் ரொட்டிக் கடை வரை கேட்கிறது. பிள்ளை பிறந்த செய்தியை ஓடிவந்து சொல்கிறவர்களுக்கு நம் ஊரில் இனாம் உண்டே, அதை வாங்க ஒருவரும் ஓடவில்லை. மருத்துவச்சி "சுகப்பிரசவம்தான்" என்று முனகிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள். அவள் முகத்தைப் பார்த்தே அம்மா விஷயத்தைத் தெரிந்துகொண்டாள். உன் பெரியவள் மந்தானாவும் சின்னவள் பரஸ்தூவும் மட்டும் தொட்டிலை விட்டு நகர மாட்டேன் என்கிறார்கள்.

ஷஹ்லாவுக்குத் தினமும் குங்குமப்பூ போட்டு, பிள்ளை பெற்றவளுக்கான காச்சிக் களி கிண்டிக் கொடுக்கிறேன். பாதியை வைத்துவிடுகிறாள். அம்மாவுக்கு முழங்கால் வலி. கோர்சி மேசைக்கு அடியில் கனலை மூட்டி, போர்வைக்குள் கழுத்து வரை புதைந்து கிடக்கிறாள். வாய் மட்டும்தான் வெளியே.

இனி உன் கடிதம். பிரசவத்துக்கு முந்தின நாள் வந்தது. வழக்கம்போல அம்மாவுக்கு நான்தான் சத்தமாகப் படித்தேன். பையன் பிறந்தால் அர்தஷீர் என்று வைக்கச் சொல்லியிருந்தாய். அரசன் பெயர், நல்ல பெயர். அடுத்த வரியில், "பெண்ணாகப் போய்விட்டால் அக்கா பெயரையே வைத்துவிடுங்கள், குல்பஸ் என்று. அக்காவுக்கு ஒரு மரியாதையாக இருக்கும்" என்று எழுதியிருந்தாய். அம்மா காகிதத்தைப் பிடுங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எம்புள்ளைக்கு எம்புட்டுப் பாசம் பாத்தியாடி!" என்றாள்.

பாசம்தான். அது முதல் பெண் பிறந்தபோது எங்கே போயிற்று, தம்பி? அவளுக்குத் தேடித் தேடி மந்தானா என்று வைத்தாய். இரண்டாவதுக்கு, ஷஹ்லாவுக்குப் பிடித்த பறவையின் பெயரை வைத்தாய். அக்காவின் ஞாபகம் மூன்றாவது பெண்ணுக்குத்தான் வந்ததா? எனக்கு மரியாதை செய்வதாக எழுதியிருக்கிறாயே, யாரை ஏமாற்றுகிறாய்? எனக்குக் கோபம் வருகிறது. மறைக்க மாட்டேன்.

எனக்கு மூத்த நான்கு பெண்களுக்கும் நிலாப் பெயர், நட்சத்திரப் பெயர். ஐந்தாவதாக நான் விழுந்ததும் அப்பா வாசலைத் தாண்டி உள்ளேயே வரவில்லையாம். வெளியில் இருந்தபடியே "குல்பஸ்னு வைங்க" என்றாராம். பூவே, போதும்; இனிப் பெண் வேண்டாம் என்று பெயரிலேயே சொல்லிவிட்டார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த தாலாட்டு. அடுத்த வருஷம் நீ பிறந்தாய். ஆடு அறுத்தார்கள், தெருவுக்கே சோறு போட்டார்கள், கடவுள் கொடுத்தவன் என்று உனக்குப் பெயர் வைத்தார்கள். அன்றிலிருந்து நான் ராசிக்காரி ஆகிவிட்டேன்.

பெண்ணாகவே பிறந்த வீட்டிலெல்லாம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய் நிற்பேன். தனக்கு அடுத்து தம்பி பிறந்த குல்பஸ் காதில் சொன்னால்தான் அந்தப் பெயர் பலிக்குமாம். பாதாம் மிட்டாய் கொடுப்பார்கள். குழந்தையின் காதில் என் பெயரைச் சொல்லிவிட்டு வருவேன். எனக்கு அது விளையாட்டு. பொதுக்குளியலறையில் யாராவது "ஏ குல்பஸ்!" என்று கூப்பிட்டால் நாலு பக்கமிருந்தும் சோப்பு முகங்கள் திரும்பும். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

தச்சர் வீட்டு குல்பஸ் மட்டும் சிரிக்க மாட்டாள். அவளுக்கு அடுத்தும் பெண், அதற்கடுத்தும் பெண். அவள் அப்பா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். "பொய்க்காரி, தண்ணி கொண்டா" என்பார். பால்பல் விழாத பிள்ளை என்ன பொய் சொல்லியிருக்கும்? மீசை நரைத்த ஒருவனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்து அனுப்பினார்கள்.

ராசிக்காரியான நான் மட்டும் என்ன வாழ்ந்தேன்? பையனாகப் பெறுவேன் என்று நம்பித்தானே என்னைக் கேட்டு வந்தார்கள்? ஒன்றும் தங்கவில்லை என்றதும் என் மாமியார், "பேரே போதும்னு இருக்கு, வயிறும் அதையே சொல்லுது" என்று பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தாள். நீதான் வந்து அழைத்துப் போனாய். வழியெல்லாம் பெட்டியை என்னிடம் கொடுக்காமல் நீயே தூக்கிக்கொண்டு நடந்தாய். அந்த குதாதாதுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

தச்சர் வீட்டு குல்பஸ் இப்போது விதவை. முந்தாநாள் கம்பளிக் காலுறை பின்னி எடுத்துக்கொண்டு குழந்தையைப் பார்க்க வந்தாள். அம்மா பூரித்துப்போய் நீ எழுதிய பெயரைச் சொன்னாள். அவள் குழந்தையின் காலில் உறையை மாட்டியபடியே சொன்னாள்: "வைங்க, வைங்க. அடுத்தது பையனாப் பொறந்தா இவ பொழச்சா. இல்லேன்னா எங்கிட்ட அனுப்பிடுங்க. எப்படி இருக்கணும்னு நான் சொல்லித் தரேன்." அம்மா தேநீர் ஊற்றுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஷஹ்லாவுக்காவது இதில் இஷ்டம் இருக்காது என்று நினைத்தேன். அவளோ என் காலைப் பிடிக்காத குறைதான். "அண்ணி, நீங்களே காதுல சொல்லிடுங்க. அத்தை அன்னைக்கே சொல்லிட்டாங்க, நாலாவதும் பொண்ணுன்னா அவருக்கு வேற இடம் பாக்க வேண்டியதுதான்னு. எனக்கு வேற வழி என்ன இருக்கு?" என்றாள். அப்படியெல்லாம் என் தம்பி செய்ய மாட்டான் என்றேன். "அவர் வேணாம்னு ஒரு வார்த்தை எழுதியிருக்காரா அண்ணி?" என்று கேட்டாள். உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எழுதவில்லை. பெயர் பிடித்திருக்கிறதா என்று கேட்டால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

நேற்றுதான் பெயர் சொல்லும் நாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். மாமா வந்து குழந்தையின் காதில் பாங்கு சொன்னார். பிறகு குழந்தையை என் மடியில் வைத்தார்கள். எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்து அதன் காதில், "உங்கப்பாவுக்கு எழுதறேன்டி கண்ணு, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றேன். அம்மா, "சத்தமா சொல்லேன்டி, எங்களுக்கும் கேக்கட்டும்" என்றாள். நான் நிமிர்ந்து, "இவளுக்கு இன்னும் பேர் வரல. கப்பல்ல வந்துட்டிருக்கு" என்றேன்.

பிறகு கேட்க வேண்டுமா! ஒருத்தி நாக்கைக் கடித்தாள், ஒருத்தி வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அம்மா எல்லார் முன்னாலும், "வயித்தெரிச்சல்டி உனக்கு! உம்பேரால வந்தவன்டி அவன், அவனுக்கு ஒரு பையன் வந்தா உனக்குப் பொறுக்கலையா?" என்று கத்தினாள். என் பெயரால் நீ வரவில்லை, தம்பி. அம்மா அடுத்தும் பெற்றாள், அது நீயாக இருந்தது. நீ பெண்ணாகப் போயிருந்தால் நானும் பொய்க்காரிதான். நேற்றிலிருந்து அம்மா என்னோடு பேசுவதில்லை. உப்பு வேண்டுமென்றால் மந்தானாவிடம் சொல்லி அனுப்புகிறாள்.

பதிவு அலுவலகத்துக்குப் போய் வந்தேன். தகப்பன் கப்பலில் இருப்பதால் கொஞ்ச நாள் பொறுப்பார்களாம். அதற்குமேல் தாமதித்தால் அம்மா ஷஹ்லாவை அழைத்துப் போய் தன் இஷ்டப்படி எழுதிவிடுவாள். ஷஹ்லாவும் கைநாட்டு வைத்ததுபோலக் கையெழுத்துப் போட்டுவிடுவாள். என் பேச்சு எடுபடாது. உன் பேச்சு ஒன்றுதான் இந்த வீட்டில் எடுபடும், அது உனக்கே தெரியும்.

இன்னொன்று. நீ பேசக் கற்ற காலத்தில் அம்மா உனக்கு என் பெயரைச் சொல்லிக் கொடுக்கப் படாதபாடு பட்டாள். நீ வாயைத் திறந்து "அக்கா" என்றாய். அதற்குப் பிறகும் மாறவே இல்லை. கோபத்தில்கூட, உன் கல்யாணப் பத்திரிகையில்கூட, அக்காதான். இந்த ஊரில் என்னைப் போதும் என்று சொல்லாத ஒரே வாய் உன்னுடையது. அதை நினைத்துத்தான் எத்தனையோ பகல்களைத் தள்ளினேன். இப்போது வந்த உன் கடிதத்தில்தான் முதல்முறையாக அந்தப் பெயரை உன் கையால் எழுதினாய். அதையும் உன் பெண்ணுக்காக எழுதினாய்.

குழந்தை இப்போது என் மடியில்தான் தூங்குகிறது. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் பரஸ்தூ "ஏய்... ஏய்..." என்கிறாள். அதற்கும் அது தூக்கத்திலேயே சிரிக்கிறது. அடுத்த துறைமுகத்தில் இது உன் கையில் கிடைக்கும். கிடைத்த அன்றே தந்தி அடி. பூவோ பறவையோ எதுவானாலும் சரி, வேண்டிப் பெற்ற பிள்ளைக்கு வைக்கிற பெயராக இருக்கட்டும். ஷஹ்லாவுக்குத் தனியாக ஒரு வார்த்தை எழுது. எந்த வார்த்தை என்று நான் சொல்ல வேண்டாம்.

உன் கப்பலுக்குக் கடவுள் நல்ல காற்றைத் தரட்டும். நீ திரும்பி வரும்போது உன் மூன்று பெண்களும் வாசலுக்கு ஓடி வரட்டும். மூன்றையும் நீ பெயர் சொல்லிக் கூப்பிடு. என்னை மட்டும் எப்போதும்போலக் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அக்கா