சுத்த தன்யாசிக்குள் ஒரு அன்னிய ஸ்வரம்

வெள்ளி, இரவு

வேலை முடிந்து நசீர் வீட்டுக்குப் போய் வயலின் வாசித்தால், இன்றைக்கும் அவர் கிட்டாரைப் பாதியில் நிறுத்திவிட்டார். வங்கியில் என் பக்கத்து இருக்கைக்காரர். ப்ளூஸ் என்ற அமெரிக்க இசை மேல் ஆசையை மூட்டியதும் அவர்தான்.

"மேடம், மறுபடியும் கச்சேரிக்குப் போயிட்டீங்க."

எரிச்சலாக வந்தது. மைனர் பென்டடானிக் என்று அவர் சொல்லிக்கொடுத்த ஐந்து ஸ்வரங்களும் எனக்குச் சுத்த தன்யாசிதான். சின்ன வயதிலிருந்து வயலினில் வாசித்த ராகம். விரல் தானாகவே ஸ்வரத்தை அசைத்துக் கமகம் போடுகிறது. போதாததற்கு, ப்ளூஸ் என்றால் மத்யமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவில் இன்னொரு ஸ்வரத்தையும் தொட வேண்டுமாம். ராகத்தில் அது அன்னிய ஸ்வரம். அங்கே போனாலே கை கூசுகிறது.

கோபத்தில் வில்லை அழுத்தி இழுத்தேன். பஞ்சமத்துக்குக் கிளம்பிய விரல் அந்த ஆகாத இடத்திலேயே நின்றுவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

டீ கொண்டுவந்த அவர் மனைவி பாத்திமா நிலைப்படியிலேயே நின்றாள். "அக்கா, இப்ப வாசிச்சீங்களே, அத இன்னொரு வாட்டி வாசிங்க."

"அது தப்பா விழுந்துச்சும்மா."

"தப்போ என்னமோ, யாரையோ கூப்புடுற மாதிரி இருந்துச்சு."

நசீர் கிட்டாரை எடுத்தார். மறுபடியும் அதே இடத்தில் நின்றேன், இந்த முறை வேண்டுமென்றே. டீ ஆடை கட்டிவிட்டது. அவர் நிறுத்தவே இல்லை.

வீடு திரும்பும் கோட்டுச்சேரி பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி வரும்போதும் அதுதான் காதில். இப்போது வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள், வயலினை எடுக்க முடியாது. எழுதும்போதே இடது கை விரல் மேசை விளிம்பை அழுத்திக்கொண்டிருக்கிறது. மத்யமத்தைத் தாண்டி, பஞ்சமத்துக்குக் கொஞ்சம் முன்னால்.