ரேஸ்காட்டு மூலை மனை

மாப்ள,

இன்று காலை ஜெனரேட்டர் கயிற்றைச் சுண்டி இழுத்ததும், பெட்ரோலும் ஆயிலும் சேர்ந்து எரிகிற புகை மூக்கில் ஏறியது. பந்தயத்துக்கு முன்னால் பைக்கை உறுமவிட்டபடி நீ என் மைக் மேசைக்குப் பக்கத்தில் நிற்பாயே, அந்த நாற்றம். நான் நின்ற இடமும் அதேதான், நம் ரேஸ்காடு. ஆனால் இப்போது கல் ஊன்றி, கொடி கட்டி, மனை போட்டுவிட்டார்கள். விற்பனை தொடங்குகிற விழாவுக்கு மைக்செட் போட என்னைத்தான் கூப்பிட்டார்கள். போனேன். போகாமல் இருந்தால் மட்டும் கல்லைப் பிடுங்கிவிடவா போகிறார்கள்?

கடமலைக்குண்டு பேருந்தில் நடத்துனர் இன்றைக்கும் "ரேஸ்காடு இறங்கு" என்கிறார். இறங்குகிற பிள்ளைகளுக்கு ஏன் அந்தப் பெயர் என்று தெரியாது. கடலைகூட விளையாத கரட்டை நாம் குத்தகைக்குப் பிடித்து, டிராக்டர் ஓட்டி வளைவு வளைவாக மண்ணை இறுக்கினோம். தேனியிலிருந்தும் பெரியகுளத்திலிருந்தும் பையன்கள் வண்டிகளோடு வந்து குவிந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கத்து மலையாளத்துப் பையன்கள், "சேட்டா, எங்க பேரும் மைக்குல பறயணும்" என்று என்னிடம் கெஞ்சுவார்கள். நான் கத்துகிற கத்தலைப் பார்த்து நீ கிண்டலடிப்பாய். "ஏலே, வண்டி ஓட்டுறது நானு. மூச்சு வாங்குறது நீயா?"

ஆரம்பத்திலிருந்தே நம் ஓட்டம் வலச்சுற்றுதான், கோயிலைச் சுற்றுகிற மாதிரி. வெளியூர்க்காரர்கள் பெரிய பந்தயம் நடத்த வந்தபோது, இடச்சுற்றுதான் எங்கள் வழக்கம், அப்படிச் சுற்றினால்தான் நடத்துவோம் என்றார்கள். "எழவு வீட்லதான்யா இடமாச் சுத்துவாக" என்று நீ சிரித்தாய். ஊர் சிரிக்கவில்லை. பதறிப்போய்ப் பூசணிக்காய் உடைத்தார்கள். எல்லா வண்டியிலும் எலுமிச்சம்பழம் கட்டினார்கள். கருப்பசாமிக்குக் கிடா வெட்டினார்கள். என்னென்ன பரிகாரம் உண்டோ அத்தனையும் நடந்தது. டயர் அடுக்கை மட்டும் ஒருவரும் மாற்றி வைக்கவில்லை.

வலமாக வருகிறவன் சறுக்கினால் எங்கே போய் விழுவானோ, வளைவின் அந்த முனையில்தான் பழைய லாரி டயர்கள் அடுக்கியிருந்தன. மறுமுனையில் வெறும் பாறை. இடமாக வந்த நீ மூன்றாவது வளைவில் சறுக்கி அந்தப் பாறையில் போய் மோதினாய். மைக்கில் உன் பெயரைப் பாதி சொல்லியிருந்தேன்.

"இடமாச் சுத்துனது காவு வாங்கிருச்சு" என்று ஊரில் பழைய ஆட்கள் இன்றுவரை பேசுகிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாலு பேர் சேர்ந்து கால் மணி நேரத்தில் புரட்டிப் போட்டிருக்கக்கூடிய டயர்கள் மாப்ள. அதோடு பந்தயம் நின்றது. நிலத்துக்காரர் வேலி போட்டார், கருவேலம் மண்டியது.

"அண்ணே, அந்தக் கார்னர் மனைய நல்லா அழுத்திச் சொல்லுங்க" என்றார் மனைக்காரர். மூன்றாவது வளைவுதான் அது. பாறையை உடைத்து நிரவியிருந்தார்கள். வடகிழக்கு மூலை, இரண்டு பக்கமும் ரோடு என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கைக்குழந்தையோடு ஒரு பெண் மேசைக்கு வந்தாள்.

"அண்ணே, நீங்க இந்தப் பக்கத்து ஆளுதான? அங்கன துர்ச்சாவு ஏதும் நடந்திருக்கா? மறைக்காமச் சொல்லுங்க. பிள்ளைய வச்சிருக்கோம்."

மனைக்காரர் என்னையே பார்த்தார். அவருக்காக நான் தயங்கவில்லை. நடந்தது என்று சொன்னால் மனை விலைபோகாது, அவ்வளவுதான் என்றால் சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன். ஆனால் சாயங்காலத்துக்குள் நீ பேயாகிவிடுவாய். அங்கே வண்டிச் சத்தம் கேட்கிறது என்பான் ஒருவன். மந்திரவாதியைக் கூட்டிவந்து, ஆணி அடித்து, உன்னை உன் மண்ணிலிருந்தே விரட்டுவார்கள். சொல்லாவிட்டாலோ, நீ அங்கே வந்ததே இல்லை என்றாகிவிடும். இரண்டில் எது உனக்குச் சம்மதம்? எனக்குத் தெரியவில்லை மாப்ள. கேட்க நீ இல்லை.

"இல்லம்மா. அங்கன யாரும் சாகல."

மைக்கை அணைக்க மறந்திருந்தேன். நாலு குழாய் ஸ்பீக்கரிலும் கேட்டது. அவள் நிம்மதியாகத் தலையாட்டி, குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, அட்வான்ஸ் கொடுக்கப் போனாள்.

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். உன் பெயரைக் கத்திக் கத்திக் கெட்டுப்போன தொண்டை இது. இனி அதில் உன் பெயர் வராது. வந்தால் அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது பொய்யாகிவிடும்.