குங்குமப் பொட்டு வைத்த சார்ஜர்

ரேடியோ, உன் ரிமோட் பெட்டி இன்று காலை என் இஸ்திரி வண்டிமேல் வந்து உட்கார்ந்தது. உன் மகள்தான் கொண்டுவந்தாள். வீடு மாறுகிறார்களாம்.

"அப்பா பிளேன் விடுவாரே, அந்த ரிமோட்டு. நீங்களே வச்சுக்கங்க மாமா."

"இத்தினி நாளா எங்கம்மா இருந்தது?"

"பீரோ மேல, துணி மூட்டைக்கு அடியில."

நீ போய் மூன்று வருஷம். உள்ளே அந்த லித்தியம் பேட்டரி அப்படியே இருந்தால்? பிள்ளைகள் படுக்கிற அறை அது. சும்மாக் கிடந்தே உப்பிக்கொள்ளும், அசைத்தால் பற்றிக்கொள்ளும் என்று நீதானே சொல்லியிருக்கிறாய். பெட்டியைத் திறக்காமல், வண்டியை விட்டுத் தூரமாகக் கொண்டுபோய்த் தெருவோர மணல்மேல் வைத்தேன். உன் மகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவளுக்கு அந்த ஆயுத பூஜைக் கதை தெரியாது.

செங்கம் ரோட்டில் உன் ரிப்பேர் கடை வாசலில் என் வண்டி எண்பத்தொன்பதிலிருந்து நின்றது. உனக்கு நான் இஸ்திரி, எனக்கு நீ ரேடியோ. சொந்தப் பேரெல்லாம் ரேஷன் கார்டோடு சரி. தெர்மாகோலில் விமானம் செய்து ஞாயிற்றுக்கிழமை வறண்ட ஏரியில் நீ விடுவாய். விழுந்ததைப் பொறுக்கிவருவது என் வேலை. அப்புறம், பக்கத்தில் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது அந்தப் பேட்டரியையும் அதன் சார்ஜரையும் உன்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதை ரிமோட்டுக்குப் போட்டாய்.

"யோவ் இஸ்திரி, பழைய பேட்டரி எருமை மாதிரி, எல்லாத்தையும் தாங்கும். இது அப்படி இல்ல. ஜாஸ்தியா ஏத்தினா எரிஞ்சுடும். ரிமோட்டுல இருந்து வெளிய எடு, வெறும் தரையில வை, இதோட சார்ஜர்ல மட்டும் போடு. போட்டுட்டு நகராத. அடுப்புல பால வச்சுட்டு எவனாவது எழுந்து போவானா?"

நீ சாப்பிடப் போகும்போது காவல் நான்தான். சார்ஜர் இரண்டு, பழைய பேட்டரிக்கு ஒன்று, இதற்கு ஒன்று. மேலே எழுதியிருப்பதை நான் எங்கே படிக்க? அதனால் புதுசுக்குக் குங்குமத்தில் ஒரு பொட்டு வைத்தாய். ஒரு வருஷம் தப்பே நடக்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. உன் சம்சாரம், எனக்குத் தங்கச்சி முறை, கடைக்கு வந்து, திருப்புளியிலிருந்து என் இஸ்திரிப் பெட்டிவரை ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் நீ சாப்பிடப் போனாய். நான் பேட்டரியைத் தரையில் வைத்து, பொட்டு வைத்த சார்ஜரை எடுத்துச் சொருகினேன். இரண்டிலும் பொட்டு இருந்ததை நான் பார்க்கவே இல்லை; கையில் வந்தது பழசோட சார்ஜர்.

நாலு சட்டை தேய்த்திருப்பேன். நகப்பூச்சுபோல ஒரு இனிப்பு வாசனை. திரும்பினால் பேட்டரி பூரி மாதிரி உப்பி நிற்கிறது. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன். கரி எடுக்கிற இடுக்கியால் அதைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி, நெருப்புக்குப் பயந்து நீ வாசலில் வைத்திருந்த மணல் வாளியில் போட்டு மூடினேன். அடுத்த நொடி மணலைப் பிளந்துகொண்டு புகை வந்தது பார், கோயில் கோபுரம் பார்க்க வந்தவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள்!

நீ வந்தபோது இடுக்கியை நான் இன்னும் கீழே வைக்கவில்லை. திட்டுவாய் என்று நின்றேன். நீ என் விரலைத்தான் புரட்டிப் பார்த்தாய்.

"வேவலையே? அப்ப சரி. உன் தங்கச்சி மேலயும் தப்பில்ல, உம் மேலயும் இல்ல. சோம்பேறித்தனத்துல ரெண்டு சார்ஜருக்கும் ஒரே மாதிரி பின்னு வச்சேன் பாரு, என்னைத்தான் செருப்பால அடிக்கணும்."

அன்றைக்கே பழைய சார்ஜரின் பின்னை வெட்டி வேறு மாதிரி வைத்தாய். "இனிமே நீ கண்ண மூடிக்கினு சொருகு. தப்பானது ஏறாது." அடுத்த மாசமே அதே மாதிரி இன்னொரு லித்தியம் பேட்டரி வாங்கி ரிமோட்டுக்குப் போட்டாய்.

இன்று மணல்மேல் குந்தி, இடுக்கியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ரிமோட்டின் பின்மூடியை நகர்த்தினேன். உள்ளே ஒன்றுமில்லை ரேடியோ! காலிக் குழி. ஒயர் முனையில் மட்டும் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

உன் மகள் அப்போதுதான் சொன்னாள். "கடைசியா ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறப்ப, ஆட்டோவ நிக்க வச்சுட்டு இந்தப் பெட்டிய எடுத்துக் குடுன்னாரு மாமா. உள்ளாறருந்து எதையோ எடுத்து மண் சட்டியில போட்டு, கொல்லையில வைக்கச் சொன்னாரு. அம்மாவுக்குக்கூடக் கோபம், மூச்சு வாங்குது, இப்ப இன்னா வேலைன்னு."

இன்னா வேலையா! மூச்சு வாங்கினபோதும் நீ பாலை இறக்கி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாய்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது அவள்தான். ரிமோட் இனி என் வீட்டு அலமாரியில் இருக்கும், காலியாகவே. செல்போன் சார்ஜ் ஏறும்போதெல்லாம் நான் அதைத் தரையில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். மருமகள் சிரிக்கிறாள்: "எழுந்து வந்து சாப்பிடுங்க மாமா, அது பாட்டுக்கு ஏறும்."

"இரும்மா, பால் வச்சிருக்கேன்" என்கிறேன்.