ஏழடித் தேருக்கு ஒரு பலகை

நண்பா,

மாதா கோயில் தேருக்காகத் திருவிழாக் கமிட்டி சார்பில் நீ கேட்ட முகப்புப் பலகையை இன்று முடித்துவிட்டேன். கொடியும் இலையும் நடுவில் மாதாவின் முகமுமாக நானூற்றுப் பன்னிரண்டு துளைகள். ஸ்க்ரோல் சா மெஷினில் ஒவ்வொரு துளைக்கும் பிளேடைக் கழற்றி, துளைக்குள் விட்டு, மறுபடி முடுக்கி அறுக்க வேண்டும். மாதாவின் இமைகளை அறுக்கும்போது மட்டும், வில்லியனூரில் வாங்கிய ஒன்பது பிளேடுகள் உடைந்தன.

"கோயிலாண்ட எடுத்தாந்து குடுத்துடுபா, நாங்களே மாட்டிக்கிறோம்" என்று போனில் சொன்னாய்.

எங்கள் காலனித் தெருமுனை வரை வந்து தேர் ஏன் திரும்பிப் போகிறது என்று கேட்டால், தெரு குறுகல் என்பீர்கள். நானும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன். பலகைக்காகத் தேரின் அகலத்தை அளந்தேன், ஏழடி. அதே டேப்பால் எங்கள் தெருவையும் அளந்தேன், பதினோரு அடி.

"சாமி காரியம், இன்னாத்துக்கு வம்பு? குடுத்துடு" என்கிறாள் என் மனைவி. கொடுக்க மாட்டேன் என்று யார் சொன்னது? பலகை என் வீட்டு வாசலில் நிற்கிறது. திருகாணிகள் என் சட்டைப் பையில் இருக்கின்றன.

தேரை இங்கே இழுத்து வாருங்கள். என் கையாலேயே மாட்டித் தருகிறேன்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு வரை உன் பெஞ்சில் உட்கார்ந்தவன்