முக்காடு போட்ட தபால்தலை

கெலமங்கலம்

அன்பு மகள் வின்சிக்கு, அம்மா அன்னமேரி சொல்லச் சொல்ல உன் தங்கை வினோதா எழுதுவது. நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதுவேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், என்னைப் பற்றியதையும் சேர்த்துத்தான். ஆண்டவர் கிருபையால் இங்கே மூவரும் சுகம், ஹைதராபாத்தில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். அப்பா செகண்ட் ஷிப்டுக்குப் போயிருக்கிறார், முதுகு வலி இப்போது பரவாயில்லை. ரோஜாத் தோட்டத்துப் பேக்கிங் ஷெட்டில் அம்மாவுக்கு வேலை அதிகம், அதனால் பள்ளி விட்டதும் நான் இங்கேயே வந்து அட்டைப் பெட்டி மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். அம்மா பூக்களைக் காம்பு நீளம் பார்த்து அடுக்கிக்கொண்டே, மற்றப் பெண்களுக்குக் கேட்காத குரலில் சொல்கிறார்.

அக்கா, நீ சீரியலில் நடிக்கப் போன நாளிலிருந்து அம்மா உன் போனை எடுப்பதில்லை. தவக்காலத் தொடக்கத்தில் நீ போட்ட கடிதத்தையும் பிரிக்காமல் அடுப்பில் போடத்தான் போனார். அப்போதுதான் உறையின் மேல் இருந்த தபால்தலையைப் பார்த்தார். தலையில் வெள்ளை முக்காடு, கூப்பிய கை, மேலே பார்க்கிற கண். "இது எந்தப் புனிதைடி?" என்று என்னைக் கேட்டார். முத்திரை மை பட்டிருந்தாலும் ஆங்கிலத்தில் இருந்த பெயரைப் படித்துவிட்டேன், அந்தக் காலத்து நடிகை, ஏதோ வேஷத்தில் எடுத்த படம். பள்ளி நூலகத்தில் அவரைப் பற்றிப் படித்திருக்கிறேன். தெரிந்தும் "தெரியலம்மா" என்றேன். சொன்னால் கடிதம் அடுப்புக்குப் போய்விடும். அம்மா தபால்தலையைக் கத்தரித்து எடுத்து செபப் புத்தகத்தில் வைத்துக்கொண்டு, கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அதன்பின் தினமும் செபமாலை முடிந்ததும் அந்தப் படத்துக்கு முத்தம் வைத்து, என் பெரியவளைச் சினிமாவிலிருந்து மீட்டுக் கொடு தாயே என்று வேண்டினார். பக்கத்தில் முழங்காலில் இருந்து நான் ஆமென் சொன்னேன்.

போன ஞாயிறு அன்பியக் கூட்டம் நம் வீட்டில். தெருவில் உள்ள நம் சபைக் குடும்பங்கள் எல்லாம் செபிக்க வந்திருந்தன. அம்மா தபால்தலையை அட்டையில் ஒட்டி மெழுகுவத்திக்கு முன்னால் வைத்திருந்தார். செபம் நடத்த வந்த சகாயநாதன் மாமா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "அன்னமேரியக்கா, யாரக் கும்புட்டுக்கினு இருக்கீங்க தெரியுமா? இது சினிமாக்காரம்மா. இந்தம்மா படம் பாக்க எங்கப்பா ஓசூருக்கு சைக்கிள் மிதிச்சிருக்காரு" என்றார். ஒரே சிரிப்பு. "அந்தம்மா ஒரு டூயட் பாடிட்டுத்தான் வரம் குடுக்கும்" என்று ஒருவர் சொன்னார். அம்மாவும் சிரித்தார், முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். மாமா விடாமல், "பெரிய பொண்ணு நர்ஸுதானே, அதுங்கிட்ட ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா சொல்லியிருக்குமே" என்றார். அதற்கு அம்மா, "அதுக்கு எங்கீங்க நேரம், எப்பவும் டூட்டி" என்றார்.

இதை உனக்கு எழுதத்தான் என்னை உட்கார வைத்தார். மூன்று வருஷமாக ஊரில் உன்னை நர்ஸ் என்றே சொல்லி வந்திருக்கிறார். படத்தைக் கும்பிட்டது தெரியாமல் செய்த தப்பு, பெற்ற மகளை மறுதலித்தது தெரிந்தே செய்தது என்கிறார். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு முன்பே தெரியும் என்பதை நானும் ஒப்புக்கொண்டேன். அம்மா அடிக்கவில்லை, "அப்புறம் எதுக்குடி ஆமென் சொன்ன?" என்று மட்டும் கேட்டார்.

மே மாதத் திருவிழாவுக்கு நீ வர வேண்டுமாம். "எந்த ஆஸ்பத்திரின்னு ஊர்ல கேப்பாங்களே, அக்கா என்ன சொல்லணும்னு எழுதட்டும்?" என்று அம்மாவைக் கேட்டேன். அம்மா கையிலிருந்த ரோஜாவைப் பெட்டியில் வைத்தார். "நடிக்கிறேன்னே சொல்லட்டும், எழுது" என்றார், இந்த முறை குரலைத் தாழ்த்தவில்லை. எதிர் மேசையில் காம்பு வெட்டிக்கொண்டிருந்த, கன்னடம் கலந்து பேசும் மாரம்மா, "ஏனு அன்னமேரி, யாரு நடிக்கிறது? உன் மக நர்ஸுதானே?" என்று கேட்டார். "நர்ஸு இல்ல மாரம்மா. நான்தான் பொய் சொல்லிக்கினு இருந்தேன்" என்றார் அம்மா. கத்தரிச் சத்தம் எல்லாம் நின்றுவிட்டது. அம்மா யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. என்னிடம் மட்டும், "எழுதினியா?" என்றார். எழுதிவிட்டேன் அக்கா.

ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். தலைக்கு எண்ணெய் வை, ஷூட்டிங் முடிய நேரமானால் தனியாக ஆட்டோ ஏறாதே. போன் பண்ணு, எடுப்பேன் என்று அம்மா இரண்டு முறை சொன்னார். கையெழுத்தை அவரே போடுகிறார்.

உன் அம்மா
அன்னமேரி

பி.கு.: ஷிப்ட் முடிந்து சூப்பர்வைசர் ஷெட்டின் விளக்குகளை அணைத்துவிட்டார், வாசல் வெளிச்சத்தில் இதை எழுதி முடிக்கிறேன். - வினோதா