சதீஷின் முட்டி

ஜூன் 12, 2024

மழை. பயிற்சி இல்லை. ஏற்காடு ஃபுட்பால் டீமுக்கு நான் கோச்சாகி மூன்று மாதம் ஆகிறது. சேலம் லீக்கில் எங்களுக்கு இது முதல் வருஷம். கிளப் தலைவர் ஜெயபிரகாஷ் மதியம் தன் லாட்ஜுக்குக் கூப்பிட்டுவிட்டார்.

“ஒரு நல்ல ஸ்ட்ரைக்கரைப் புடிச்சிருக்கேனுங்க கோச். சேலத்துக்காரன். கோவாவுல ஆடினவன்.”

பெயர் கேட்டேன். சதீஷ்.

டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் 13

அவனேதான். விசாரித்துவிட்டேன்.

இங்கே பக்கத்துச் செம்மநத்தத்திலிருந்து போய்க் கோவாவில் பெரிய கிளப்புக்கு டிஃபெண்டராக ஆடியவன் நான். அஞ்சு வருஷத்துக்கு முன்னால் ஒரு மேட்சில் இவன் எதிர் டீம். பந்து என்னைவிட்டுப் போன பிறகு வந்து இடது முட்டியில் மிதித்தான். இரண்டு ஆபரேஷன். அதோடு முடிந்தது என் ஆட்டம். ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. ஒரு போன்கூட இல்லை.

இப்போது இவனுக்கு நான் கோச்!

ஜூன் 20

வந்தான். எல்லோர் முன்னாலும் கை நீட்டினான். நான் விசிலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன்.

பயிற்சி முடிந்ததும் பக்கத்தில் வந்து நின்றான். “அண்ணா, அன்னிக்கு நான் பந்துக்குத்தானுங்க வந்தேன்.”

“பந்து எங்கடா இருந்துச்சு?”

குனிந்து ஷூ லேஸை அவிழ்க்க ஆரம்பித்தான்.

ஜூலை 8

கிளியூர் ரோட்டில் அவனை மட்டும் மேலும் கீழும் ஓடவிட்டேன். வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓடினான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசித் தொலைத்தால் என்ன?

ஆகஸ்ட் 4

முதல் மேட்ச். அவனை பெஞ்சில் உட்கார வைத்தேன். ஒரு கோல் வாங்கினோம். ஜெயபிரகாஷ் கோட்டோரம் வந்து கத்தினார்: “எறக்குங்க அவனை! டீம் என்ன உங்க ஊட்டுச் சொத்தா?”

இறக்கினேன். இரண்டு கோல் போட்டான். இரண்டாவதற்கு மூன்று பேரைத் தாண்டிப் போனான், பந்து காலோடு ஒட்டிக்கொண்டே போனது. அதைப் பார்க்கத்தான் வயிறு எரிகிறது.

வீட்டில் மலர், “ஜெயிச்சுட்டு வந்தும் ஏனுங்க மூஞ்சி இப்புடி இருக்குது?” என்றாள். மனைவியிடம்கூடச் சொல்ல வாய் வரவில்லை.

செப்டம்பர் 15

மறுபடி பெஞ்ச். தோற்றோம். தோற்றால் தோற்கட்டும்.

அக்டோபர் 3

கேரளாவில் ஒரு கிளப்பின் மேனேஜர் போன் செய்தார். கோவாவில் என்னோடு ஆடியவர். சதீஷை எடுக்கலாமா, நீ சொன்னால் போதும் என்றார்.

சொன்னேன். ஆட்டம் சரி, முட்டி போய்விட்டது, ஒரு சீசன் தாங்காது என்று சொன்னேன்.

அவன் முட்டிக்கு ஒரு கோளாறும் இல்லை.

அக்டோபர் 5

நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன்.

அக்டோபர் 19

அவனுக்குத் தெரிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் மறித்தான்.

“முட்டி போச்சுன்னு சொன்னீங்களாமா?”

ஆமாம் என்றேன்.

“என்னை அடிச்சிருக்கலாமுங்க. நேரா வந்து காலை ஒடைச்சிருக்கலாம். எனக்கு இருவத்தொம்போது வயசாச்சு. இனி எவன் கூப்புடுவான்?”

“என்னை எவன்டா கூப்பிட்டான்?” கத்திவிட்டேன். டீக்கடையே திரும்பிப் பார்த்தது. “படுத்தே கெடந்தேன்டா! ஒரு வார்த்தை வந்து கேட்டியா நீ?”

“பயமா இருந்துச்சுங்க,” என்றான். “நொம்பப் பயமா இருந்துச்சு.”

சேலம் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான்.

பயமாம். அஞ்சு வருஷமா என்னடா பயம் — இதை அன்னிக்கே வந்து சொல்லித் தொலைஞ்சிருந்தா?

அக்டோபர் 21

கேரளாவுக்குப் போன் போட்டேன். நான் சொன்னது பொய், அவனை எடுங்கள் என்றேன். வேறு ஆளை எடுத்துவிட்டார்களாம். “இனிமே உன்கிட்ட யாரைப் பத்தியும் கேக்க மாட்டேன்,” என்று வைத்துவிட்டார். ராத்திரி மலரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

பிப்ரவரி 9, 2025

சேலத்தில் மேட்ச். சதீஷ் இப்போது எதிர் டீமில். மூன்று கோல் போட்டான். எங்கள் பெஞ்ச் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. நான் அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெயபிரகாஷ் என்னிடம் பேசாமலே காரில் கிளம்பிவிட்டார்.

மலையேறும் பஸ்ஸில் மலர் போன் செய்தாள். தோற்றுவிட்டோம் என்றேன்.

“அந்தச் சதீஷ் ஆடினாருங்களா?”

“ஆடினான்.” போனை மறு காதுக்கு மாற்றினேன். “நல்லா ஆடறான் மலர்.”

முன்சீட்டிலிருந்த எங்கள் ஆட்கள் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள்.