கடலுக்கு விட்ட ஜீப்

மச்சான்,

இன்று காலை கழுவ வந்த வேன் ஒன்றின் அடியில் தண்ணீரைப் பீச்சியபோது, சக்கரத்துக்கு மேலிருக்கும் மட்காட்டின் உட்புறத்திலிருந்து ஈர மணல் கட்டி கட்டியாக விழுந்தது. கொடகவெலயில் நான் வேலை செய்யும் சர்விஸ் ஸ்டேஷனின் தரை முழுக்கச் செம்மண் சேறு. அதன் மேல் அந்த வெளிர் மணல் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். உப்பும் துருவும் மீனும் கலந்த வாடை மேலே எழுந்து வந்தது. வேன்காரர் குடும்பத்தோடு கதிர்காமம் போய்விட்டு, அப்படியே கடலுக்கும் போய் வந்தாராம். பிள்ளைகள் அலையில் விளையாடியதைச் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு உன் முகம்தான் முன்னால் வந்து நின்றது.

நீ செத்து மூன்று மாதம் ஆகப்போகிறது. செத்தவர்களுக்கு எழுதுகிறவர்கள் நல்லதையே தேடிப்பிடித்து எழுதுவார்கள். நான் அப்படி எழுதமாட்டேன் என்று உனக்கே தெரியும்.

நாம் ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் ஒரே லயத்தில், ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக வளர்ந்தவர்கள். தோட்டத்து லொறியில் சேர்ந்தே கிளீனராக ஏறினோம், சேர்ந்தே லைசென்ஸ் எடுத்தோம். தோட்டத்தை நடத்தும் பெரிய துரையின் ஜீப்பை ஓட்டிய பெரியவருக்குக் கண் மங்கிப்போய், அவர் வேலையை விட்டு நிற்கப்போகிறார் என்று பேச்சு வந்தது. அந்த வேலையோடு தனி வீடும், வாசலில் தண்ணீர்க் குழாயும் கிடைக்கும். நம் இருவரில் ஒருவருக்குத்தான் என்று கிளாக்கர் ஐயா சொன்ன அன்று நீ என் தோளில் கை போட்டுக்கொண்டு சிரித்தாய். "யாருக்குக் கெடச்சா என்ன மச்சான்? நீ ஓட்டுனா நான் பக்கத்துல குந்திக்கிட்டு வர்றேன்." நான் அதை நம்பினேன். நம்புவதற்கு எனக்கு யோசனையே தேவைப்படவில்லை.

துரையின் மாமியாரை அம்பலாந்தோட்டையில் கொண்டுபோய் விட்டுவரச் சொல்லி நம் இருவரையும் அனுப்பினார்கள். போகும்போது நான் ஓட்டினேன். திரும்பும்போது உன் முறை. அந்த அம்மாவை இறக்கிவிட்டு ரோட்டுக்கு வந்ததும், தென்னந்தோப்புக்கு அப்பால் கடல் தெரிந்தது. நீ பிரேக் போட்டாய்.

"மச்சான், ஒரு தடவ மணல்ல வுட்டுப் பாப்பமா?"

"வேணாண்டா. தொரைக்குத் தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் வேல போயிரும்."

"போர்வீல் டிரைவ் எதுக்கு இருக்கு? சும்மா லயத்துக்கும் ஸ்டோருக்கும் ஓட்டவா?"

சொல்லி முடிக்கும் முன்னே ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டாய்.

அந்தச் சின்ன ஜீப் மணலில் இறங்கியதும் வேறொரு பிராணியாகிவிட்டது. தார் ரோட்டில் தடதடத்தது, மணலில் நீந்தியது. ஸ்டியரிங் சொல்வதை அது உடனே கேட்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. ஈர மணலில் ஓடும்போது அலையின் நுரை சக்கரத்தில் பட்டு நம் முகத்தில் தெறித்தது. நீ கத்தினாய், நானும் கத்தினேன். பிறகு நீ காய்ந்த மணலுக்குத் திருப்பினாய். வேகம் குறைந்தது. நீ அக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் சுழன்று சுழன்று தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டது. அடித்தட்டு மணலில் உட்கார்ந்துவிட்டது.

அங்கே படகு இழுத்துக்கொண்டிருந்த சிங்கள மீனவர்கள்தான் ஓடி வந்தார்கள். ஒருவர் நம்மைப் பார்த்துச் சிரித்துவிட்டு, டயர்களில் பாதிக் காற்றை இறக்கச் சொன்னார். வால்வில் ஈர்க்குச்சியை வைத்து அழுத்தினோம். கையால் மணலை வாரினோம். சக்கரத்துக்கு அடியில் தென்னோலை போட்டார்கள், பின்னால் நின்று தள்ளினார்கள். ஜீப் ஒரு உறுமலோடு வெளியே வந்தது. போகும்போது கொஞ்சம் பாரை மீனையும் ஓலையில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். மலையிலிருந்து வந்த பிள்ளைகள் என்று இரக்கம்.

அன்றைக்கு எங்கள் வீட்டில்தான் மீன் குழம்பு. நீ அடுப்படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாய். "அத்த, இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க" என்று தட்டை நீட்டினாய். அம்மா தலைப்பகுதியை எடுத்து உனக்குத்தான் வைத்தாள்.

யுத்தம் நடந்த காலம். எங்கேயாவது குண்டு வெடித்தால் இங்கே லயங்களில் பொலிஸ் வந்து நிற்கும். இரண்டு மூன்று நாள் கழித்து இன்ஸ்பெக்டர் அப்படித்தான் வந்தார். ஆபீசில் துரையோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். துரை நம்மைக் கூப்பிட்டு, ஜீப்புக்குள் ஏன் இவ்வளவு மணல், ஏன் மீன் நாற்றம், யார் கடலுக்கு விட்டது என்று சத்தம் போட்டார். நான் வாயைத் திறக்கும் முன் நீ முந்திக்கொண்டாய்.

"அவந்தான் சேர் ஓட்டுனான். நான் வேணான்னு சொன்னேன்."

அதுவரைக்கும் வேலைக்கான பொய். அதைக்கூட நான் பொறுத்திருப்பேன் மச்சான். ஆனால் இன்ஸ்பெக்டர் கோப்பையைக் கீழே வைத்தார். கடற்கரையில் யாரைச் சந்தித்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். நீயும் சிங்களத்திலேயே, சுத்தமாக, பதில் சொன்னாய்.

"ஒரு படகு வந்துச்சி சேர். அதுல வந்தவங்க இவங்கிட்ட ஒரு பார்சல் குடுத்தாங்க."

"மீன் சேர்! மீன்!" என்று நான் கத்தினேன். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்க்கவில்லை. உன்னைப் பார்த்தார். "மீனா?" என்று கேட்டார்.

நீ தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "தெரியாது சேர். நான் தொறந்து பாக்கல."

குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்ற வாய் அது.

என்னைப் பிடித்துக்கொண்டுபோன முகாமில் என்ன செய்தார்கள் என்று உனக்கு நான் சொன்னதில்லை, இப்போதும் சொல்லப்போவதில்லை. என் இடது கை தோளுக்கு மேலே ஏறாது என்பது உனக்குத் தெரியும். எந்தப் படகு, எந்தப் பார்சல், உள்ளே என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நான் மீன் என்றேன். அந்தச் சொல்லுக்காக நான் வாங்கிய அடியை வேறு எந்தச் சொல்லுக்கும் வாங்கியதில்லை.

ரப்பர் பால் வெட்டும் வேலை முடிந்ததும், கையில் பால் பிசுக்கோடு அப்பா துரையின் பங்களா கேட்டில் போய் நிற்பாராம். "எம்மவன் கொண்டாந்தது மீனுதாங்க தொர. நானும் தின்னேன் தொர" என்று சொல்வாராம். காவல்காரன் விரட்டுவான். மறுநாளும் போவார். நான் உள்ளே இருக்கும்போதே அவர் போய்விட்டார். சாவுக்குக்கூட என்னை அனுப்பவில்லை. அவருடைய பாடைக்கு முன் தோள் கொடுத்தவன் நீ என்று அம்மா பின்னால் சொன்னாள். அன்றைக்கு நீ நன்றாக அழுதாயாம்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு, வழக்கே இல்லை என்று சொல்லி என்னை விட்டார்கள். தோட்டத்துக்குத் திரும்பி வந்தபோது நீ புது வீட்டு வாசலில், குழாயில் பைப்பைப் போட்டு ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தாய். காக்கிச் சட்டை உனக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

"எப்ப வந்த மச்சான்?" என்றாய், நான் ஊருக்குப் போய்த் திரும்பியவன்போல.

நீயே தொடர்ந்தாய். "நான் அப்பிடிச் சொல்லாட்டி என்னையும் சேத்துப் புடிச்சிருப்பாங்க. ஒனக்குத் தெரியாதா?"

"மீனுன்னு சொல்லியிருந்தா யாரையுமே புடிச்சிருக்க மாட்டாங்க."

நீ குனிந்து சக்கரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாய். உன் பிடரியைப் பார்த்துக்கொண்டே நான் ஒரு முடிவெடுத்தேன். உன்னை அடிக்கக் கூடாது. அடித்தால் தீர்ந்துவிடும்.

தோட்டத்தில் எனக்கு வேலை இல்லை என்றார்கள். கொடகவெலயில் மீன் வியாபாரம் செய்த முஸ்லிம் நானா ஒருவர்தான் எதுவும் கேட்காமல் என்னை எடுத்தார். "மணல்ல வாகனம் ஓட்டுவீங்களா?" என்று மட்டும் கேட்டார். அம்பலாந்தோட்டைக்கு அப்பால் கடற்கரையில் அவருக்கு ஒரு மீன் வாடி, ஓலைக் கொட்டகை, இருந்தது. படகு கரைசேரும் இடத்திலிருந்து ரோட்டில் நிற்கும் லொறி வரைக்கும், மீன் பெட்டிகளை ஒரு சின்ன ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வரவேண்டும். அதுதான் வேலை.

அங்கே நான் மணலைப் படித்தேன். ஏறும் முன்பே காற்றை இறக்கவேண்டும். கியரை நடுவில் மாற்றக்கூடாது. நிறுத்தினால் சரிவு பார்த்து நிறுத்தவேண்டும். பிரேக்கை மறந்துவிட வேண்டும். சக்கரம் சுழல ஆரம்பித்தால் காலை உடனே எடுக்கவேண்டும், மிதிக்கிறவன் புதைவான். ஒவ்வொரு நாளும் ஓட்டும்போது உன்னைத்தான் நினைத்தேன். அன்பாக அல்ல. நீ மறுபடியும் மணலுக்கு வருவாய் என்று எனக்கு ஒரு நிச்சயம் இருந்தது. அந்தக் கத்தலும் அந்தச் சிரிப்பும் உன்னை விடாது.

சமாதானம் வந்துவிட்டது என்று எல்லோரும் கடலுக்கு வர ஆரம்பித்த காலத்தில் நீயும் வந்தாய்.

பின்னேரம். வாடியில் வேலை செய்யும் பையன்கள் ஓடி வந்து, ஒரு ஜீப் புதைந்து கிடக்கிறது, கடல் ஏறுகிறது, கயிறு கொண்டு வா என்றார்கள். போனேன். தூரத்திலேயே துரையுடைய ஜீப்பின் அந்தப் பச்சை நிறம் தெரிந்தது. துரை காற்சட்டையை மடித்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி நோனாவும் கொழும்பு விருந்தாளிகளும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மேட்டில் பத்திரமாக நின்றார்கள். நீ ஜீப்புக்குள் இருந்து மிதித்துக்கொண்டிருந்தாய். டயரில் காற்று முழுசாக இருந்தது. இத்தனை வருஷத்தில் நீ ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

நான் கிட்டே போய் நிறுத்தினேன். நீ தலையை வெளியே நீட்டினாய். முதலில் சந்தோஷம், பிறகு அடையாளம், பிறகு பயம். மூன்றும் உன் முகத்தில் வந்துபோனதை நான் நிதானமாகப் பார்த்தேன்.

"மச்சான்... கயித்தப் போடு மச்சான்."

"போடுறேன். அந்தப் பார்சல்ல என்ன இருந்துச்சின்னு தொரைக்கிட்ட சொல்லு. அன்னிக்குச் சொன்ன மாதிரியே சிங்களத்துல சொல்லு."

"இப்பவா? தண்ணி வருது மச்சான்!"

"அதான் சொல்றேன். தண்ணி வருது."

துரை கத்தினார்: "யார் இவன்? என்ன பேசிக்கொண்டிருக்கிறான்? இழுக்கச் சொல்லு!" அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அவருடைய ஆபீசில் அவர் கண் முன்னால்தான் எனக்கு விலங்கு போட்டார்கள்.

ஒரு அலை வந்து பின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு போனது. அது வடிந்தபோது ஜீப் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. நீ என்னைப் பார்த்தாய், துரையைப் பார்த்தாய். அடுத்த அலை கதவின் கீழ் விளிம்பைத் தொட்டபோது இறங்கி ஓடி, அவர் முன்னால் போய் நின்றாய்.

"சேர், அந்தப் பார்சல்ல மீன்தான் இருந்துச்சி. எனக்குத் தெரியும். நானும் தின்னேன். ஜீப்ப மணல்ல வுட்டதும் நாந்தான் சேர்."

நான் எத்தனையோ வருஷம் காத்திருந்த வார்த்தைகள். துரை உன்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"எந்த மீன்? என்ன பேசுகிறாய்? முதலில் ஜீப்பை எடு!"

அவ்வளவுதான். அப்பா கேட்டில் நின்று சொன்னது, நான் முகாமில் சொன்னது, கடைசியில் நீயே சொன்னது, ஒன்றும் அந்த மனிதருக்குள் இறங்கவில்லை. அவருக்கு மறந்தே போயிருந்தது. அந்த நொடியில் எனக்கு ஒன்று விளங்கியது. உண்மையை வாங்கி நான் என்ன செய்வது? வைப்பதற்கு ஓர் இடமும் இல்லை.

நான் கயிற்றைச் சுருட்டி என் ஜீப்பில் போட்டேன்.

"சொல்லிட்டேன்ல மச்சான்!" நீ பின்னாலேயே ஓடி வந்தாய். "நீ கேட்டபடிதான சொன்னேன்!"

"சொன்ன. கேட்டுக்கிட்டேன்."

ரிவர்ஸ் எடுத்து மேட்டில் ஏறி நின்று பார்த்தேன். போய்விடவில்லை. கடல் அவசரப்படவில்லை. ஒவ்வொரு அலையாக வந்து ஜீப்பைச் சாய்த்து, கதவைத் திறந்து, சீட்டை நனைத்து, கடைசியில் பக்கவாட்டில் படுக்கவைத்தது. துரை உன் கன்னத்தில் அறைந்தார். எல்லோர் முன்னாலும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அதற்காக நான் எந்தச் சாமியிடமும் போய் நிற்கவில்லை.

உன் வேலை போனது. வீடும் போனது. எஹலியகொட பக்கம் போய் யாருடைய லொறியோ ஓட்டினாய், குடித்தாய் என்று கேள்விப்பட்டேன். பிறகு ஈரல் கெட்டு, ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்தாய். செய்தி வந்தும் சாவுக்கு நான் வரவில்லை. எனக்கு வந்த முதல் எண்ணம் என்ன தெரியுமா? இவ்வளவு சீக்கிரமாகவா என்பதுதான். நான் இன்னும் முடிக்கவில்லையே மச்சான். எதிரே ஒருவன் நிற்கும்வரைக்கும்தான் கோபத்துக்கு ஒரு திசை இருக்கிறது. நீ அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

போன வாரம் உன் பெண்சாதி என்னைத் தேடி, நானா பிறகு என்னைச் சேர்த்துவிட்ட இந்தச் சர்விஸ் ஸ்டேஷனுக்கு வந்தாள். பஸ்ஸில் வந்து இறங்கி, வெயிலில் நின்றாள். நான் அவளை நிழலில் உட்காரவைத்து, பக்கத்துக் கடையில் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணே, கனவுல வர்றாரு. தூங்க முடியல. மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. நான் கோயில்ல போய் அதச் சொல்லி வெளக்கு வைக்கிறேன்."

அவள் என்ன தப்புச் செய்தாள்? அவளிடம் சொன்னேன்: "தங்கச்சி, ஒனக்கு என்ன ஒதவி வேணும்னாலும் கேளு, நான் இருக்கேன். ஒம் பொண்ணு படிப்புக்கு நானாக்கிட்டயும் பேசுறேன். ஆனா அவனுக்குன்னு எங்கிட்ட ஒண்ணுமில்ல."

அவள் அழவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனாள். எனக்கும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை என்பதை மறைக்கப்போவதில்லை.

சோறு இறங்காதது அவளுக்காக. உனக்காக அல்ல. நீ கேட்டு வராத, உனக்காக அவள் கேட்டு வந்த அந்த ஒரு சொல் என்னிடம்தான் இருக்கிறது. அப்பா கேட்டில் நின்ற நாட்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அதை வைத்துக்கொண்டே நான் வேலைக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். கனமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் கொடுக்கமாட்டேன் மச்சான்.